பயண விவரங்களுக்குப் பொன்மணி

வேல்ராஜ் மோட்டார் சைக்கிளில் குஜராத்தில் இருக்கிற கட்ச் பாலைவனத்துக்குக் கிளம்புகிறான் என்பது கடம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். எதற்குப் போகிறான் என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. அங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று உப்பு விரிந்து கிடக்குமாம். அதைப் பார்க்க வேண்டுமாம்.

“உப்பைப் பாக்கவா?” என்று அவன் பெண்டாட்டி பொன்மணி கேட்டாள். “தூத்துக்குடிக்கு பஸ் ஏறுனா உப்பளம். ஆசை தீரப் பாத்துட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்திரலாம். பொட்டக்காடுதான் வேணும்னா நம்ம வீட்டுக்குப் பின்னாலயே கெடக்கு.”

“ஒனக்கு டூரிங்குன்னா என்னன்னு தெரியாதுட்டி” என்றான் வேல்ராஜ்.

அவனுக்கு மட்டும் எங்கிருந்து தெரிந்தது என்று கேட்கக் கூடாது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். வயது ஐம்பத்தொன்று. இரண்டு வருஷமாகக் காயில் கட்டியதைவிட போனில் வீடியோ பார்த்ததுதான் அதிகம். அதிலும் ஊர் பார்க்கிற வீடியோ இல்லை. தூரதேசம் போகிறவர்களை வழியில் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்கிற வீடியோ. ஆணியைக் கொட்டிப் பஞ்சராக்கிவிட்டு, அரை மைல் தள்ளிக் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போலீஸ் மாதிரி உடுப்பு மாட்டிக்கொண்டு கை காட்டுவார்கள். “அண்ணே, வண்டியில ஆயில் ஒழுகுது” என்பார்கள். நாம் குனிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதையெல்லாம் வேல்ராஜ் டீக்கடையில் நடித்தே காட்டுவான். டீக்கடைச் சிவனாண்டிதான் திருடன். பாவம், டீ ஆற்றுகிற மனுஷனைப் பத்துத் தடவையாவது பையைத் தூக்க வைத்திருப்பான்.

பழைய புல்லட் ஒன்று வாங்கி, அதற்கு மூன்று பூட்டும் ஒரு அலாரமும் மாட்டினான். அந்த அலாரம் ஆடு உரசினால் கத்தும், காக்கை உட்கார்ந்தால் கத்தும், எதிர்வீட்டு வெயிலம்மாள் பலமாகத் தும்மினாலும் கத்தும். பகலில் வண்டி ஓட்டும்போது போனை அணைத்தே வைப்பது என்று முடிவு செய்தான். இல்லாவிட்டால் எங்கே போகிறான் என்று கண்டுபிடித்துப் பின்னாலேயே வருவார்களாம். வேல்ராஜுக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று பொன்மணி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வீடியோ காட்டுவான்.

பிறகு பட்டாபட்டி டிராயர் வந்தது. பொன்மணி வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். புதியம்புத்தூரிலிருந்து வேன் வரும், வெட்டிய துணியை இறக்கும், தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். அந்த மிஷினில் வேல்ராஜ் தன் இரண்டு பட்டாபட்டிகளையும் கொண்டுவந்து போட்டான்.

“உள்பக்கம் அஞ்சு பாக்கெட் வை. அஞ்சுலயும் காசைப் பிரிச்சு வச்சிக்கிடுவேன். ஒண்ணு போனா நாலு மிஞ்சும்.”

“பெட்ரோல் போட்டா காசு எப்படி எடுப்பீங்க? பங்குல வேட்டியைத் தூக்குவீங்களா?”

“பாத்ரூம் போய் எடுப்பேன்.”

பொன்மணி தலையில் அடித்துக்கொண்டு தைத்தாள். அவன் கேட்டது ஐந்து. அவள் தைத்தது ஆறு. ஆறாவது பின்பக்கம், இடுப்புப் பட்டைக்குக் கீழே. பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிராயர் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் வைத்து வாயையும் தைத்துவிட்டாள். அதைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் எல்லாரும் அவன் இடுப்பைத் தடவிப் பார்த்திருப்பார்கள்.

கடைசியாக ரகசியச் சொல். வேறு நம்பரிலிருந்து யாராவது ‘நான்தான் வேல்ராஜ், காசு அனுப்பு’ என்றால் பொன்மணி அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். முதலில் ‘கரிசல் சிங்கம்’ என்று வைத்தான். இரண்டு நாள் கழித்து அது லேசாக இருக்கிறது என்று ‘பருத்திப்பால்’ ஆக்கினான். கிளம்புகிற அன்று காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து மறுபடி எதையோ சொல்லி மாற்றினான். கடுகு வெடித்த சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. ‘சரி சரி’ என்றாள்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை வேல்ராஜ் புறப்பட்டுப் போனான். வழியில் யாருக்காவது கொடுக்கலாம் என்று பத்துப் பாக்கெட் போளியும் கொண்டுபோனான். அதை மதுரை தாண்டுவதற்குள் அவனே தின்றிருப்பான் என்பது பொன்மணியின் கணக்கு.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பத்தடிக்கு எட்டடியில் ஒரு பிளெக்ஸ். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புல்லட்டில் வேல்ராஜ். போவது பாலைவனத்துக்கு, பின்னால் இருப்பது பனிமலை. ஓரத்தில் ஒரு புலி. ‘கோவில்பட்டி முதல் கட்ச் வரை தன்னந்தனியாக வெற்றிப்பயணம் செல்லும் அண்ணன் வேல்ராஜ் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம். புறப்பாடு ஜனவரி 17, திரும்புதல் பிப்ரவரி 6.’ அதற்குக் கீழே, கல்யாண வீட்டுப் பிளெக்ஸ் மாதிரி, இவண் என்று போட்டு அன்பு மனைவி பொன்மணி, அன்பு மகள் உமாராணி செவிலியர் மூன்றாம் ஆண்டு மதுரை, மைத்துனர் சுடலைக்கண்ணு, நண்பர்கள், டீக்கடை சிவனாண்டி. வண்டி நம்பரும் இருந்தது. அதோடு நிற்காமல், ‘பயண விவரங்களுக்கு’ என்று பொன்மணியின் போன் நம்பர். எல்லாவற்றுக்கும் அடியில் சம்பந்தமே இல்லாமல், ‘மணநாள் 11.06.1999’.

சுடலைக்கண்ணு அவளுடைய சொந்தத் தம்பி. பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். போன வைகாசியில் அக்காளும் அத்தானும் வெள்ளிவிழா கொண்டாட அடித்த பிளெக்ஸையே திருத்தி இதைச் செய்திருக்கிறான். கீழே இருந்த கல்யாணத் தேதியை எடுக்க மறந்துவிட்டான்.

“ஏலே, அந்த மனுஷன் திருடனுக்குப் பயந்து டிராயர்ல அஞ்சு பாக்கெட் வச்சுக்கிட்டுப் போயிருக்காரு. நீ எத்தன நாளு வீட்டுல ஆம்பள இருக்காதுன்னு தேதி போட்டு ரோட்டுல நட்டு வச்சிருக்க.”

“எல்லாரும் இப்படித்தான்க்கா போடுதாவ.”

“என் நம்பரு எதுக்குலே?”

“அத்தான் பகல்ல போனை அமத்தி வச்சிருவாவள்லா. விவரம் கேக்கிறவிய யார்ட்ட கேப்பாவ?”

“ஊருல எவன்லே விவரம் கேக்கான்? கழத்து அதை.”

“அத்தான் பாத்து சரின்னு சொன்ன டிசைன்க்கா. பேஸ்புக்குல வேற போட்டிருக்கேன். எரநூத்துப் பதினாலு லைக்கு.”

தன் பெயர், தன் குடும்பம், தான் எப்போது இல்லை என்பது வரை ஊருக்குச் சொல்லும் பிளெக்ஸை வேல்ராஜே பார்த்து சரி சொல்லியிருக்கிறான். பூட்டு மூன்று, அலாரம் ஒன்று, பாக்கெட் ஐந்து, ரகசியச் சொல் எத்தனை என்று ஞாபகம் இல்லை. பொன்மணிக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒருத்தன் ஹெல்மெட் வேண்டுமா என்றான். ஒருத்தன் லோன் வேண்டுமா என்றான். விளாத்திகுளத்திலிருந்து ஒருவர், அண்ணாச்சி போகிற வழியில் தன் மச்சான் மகனுக்கு ஒரு மூட்டை வத்தல் கொடுத்துவிட முடியுமா என்று விசாரித்தார்.

அவளுக்கு இருந்த கவலையே வேறு. நைட்டியின் ஓரம் அடிக்க ஓவர்லாக் மிஷின் வேண்டும். அது இல்லாததால் பாதி வேலையோடு துணியை வேனில் ஏற்றிவிடுகிறாள், கூலியும் பாதிதான். புதியம்புத்தூரில் தங்கச்சாமி தன்னுடைய யூனிட் ஒன்றை மூடுகிறார். அதில் ஒரே ஒரு ஓவர்லாக் மிச்சம் இருந்தது, விலை பதினேழாயிரம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் காசோடு வந்தால் பொன்மணிக்கு, வராவிட்டால் அடுத்து கேட்டிருக்கிற ஆளுக்கு. அந்த அடுத்த ஆள் வேறு யாருமில்லை, எதிர்வீட்டு வெயிலம்மாள். பொன்மணி மூன்று வருஷமாகச் சேர்த்த இருபதாயிரம் பேங்கில் இருந்தது. வேல்ராஜ் புல்லட் வாங்கியபோதுகூட அதை வெளியே காட்டவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. வெயிலம்மாள் நூல்கண்டு கடன் கேட்க வந்து, கண்டு கிடைத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். மிஷின் எப்போது வாங்கப் போகிறாய், காசு ரெடியா, குறைகிறதா என்று நயமாக நோண்டிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“பொன்மணி, நான்தாம்மா பேசுறேன்.” தொண்டை கட்டிய, அழுகிற குரல். “வண்டி ஒரு சின்னக் கொழந்தை மேல இடிச்சிருச்சும்மா. ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. போனைப் புடுங்கிட்டாங்க. இது இங்க ஒருத்தரோட நம்பர். இருபத்தஞ்சாயிரம் குடுத்தா கேஸ் இல்லாம விட்டுருவாங்களாம்.”

பொன்மணி மிஷினை நிறுத்தினாள். வெயிலம்மாள் நூல்கண்டை மடியில் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

“ரகசியச் சொல்லு என்ன?” என்று பொன்மணி கேட்டாள். அவளுக்கே அது என்னவென்று தெரியாது என்பது வேறு விஷயம்.

“இந்தப் பதட்டத்துல எனக்கு எதுவுமே ஞாபகம் வரலம்மா. வேற எது வேணாலும் கேளு.”

“மக என்ன படிக்கா?”

“உமாராணி மதுரையில நர்சிங் மூணாவது வருஷம்.”

“வண்டி நம்பர்?”

சொன்னான்.

“நம்ம கல்யாணம் எப்ப?”

“பதினொண்ணு ஆறு தொண்ணூத்தொம்பது” என்று மூச்சுவிடாமல் வந்தது பதில். “என்னை நம்பும்மா.”

எல்லாம் சரி. பொன்மணி வேல்ராஜின் சொந்த நம்பரை அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பகலில் அது எப்போதும் அணைத்துத்தான் இருக்கும், அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? கேஸ், கோர்ட்டு, பாஷை தெரியாத ஊர். மிஷின் போனால் போகிறது, மனுஷன் வந்து சேரட்டும் என்று இருந்தது. உடனே, மூன்று வருஷம் இடுப்பொடியத் தைத்தோமே என்றும் இருந்தது. மறுபடி கூப்பிட்டவனிடம், “எங்கிட்ட இருவதுதான் இருக்கு” என்றாள்.

“இருக்கிறதை அனுப்பும்மா. மீதியை நான் பேசிக்கிறேன்.”

போனில் அவன் கூப்பிட்ட நம்பரைத் தட்டி, தொகையையும் தட்டிவிட்டாள். ரகசிய எண் நாலு இலக்கம்தான் பாக்கி.

“அனுப்பிருட்டி” என்றாள் வெயிலம்மாள், உருக்கமாக. சனிக்கிழமை மிஷின் தனக்குத்தான் என்கிற நினைப்பு அந்த உருக்கத்தில் எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும். “பாவம் மனுஷன். இம்புட்டுத் துன்பத்துலயும் கல்யாணத் தேதியை மறக்கல பாரு. எங்க வீட்டு ஆளும் இருக்காரே.”

பொன்மணியின் விரல் அந்தரத்தில் நின்றது.

போன வைகாசியில் வெள்ளிவிழா அன்று காலையில், வீட்டு வாசலில் கட்டியிருந்த தன் படம் போட்ட பிளெக்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ‘இன்னைக்கு என்னட்டி விசேஷம்?’ என்று கேட்டவன் வேல்ராஜ். அவனா மூச்சுவிடாமல் தேதி சொல்வான்? மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று காலேஜ் வாசலிலேயே கேட்டவன். அதோடு இந்த ‘அம்மா’. இருபத்தைந்து வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அம்மா என்றதும் இல்லை. ‘ஏட்டி’ ஒன்றுதான்.

“பஸ் ஸ்டாப்புல இருக்கு மதினி” என்றாள் பொன்மணி. “இவன் சொன்னது அம்புட்டும் பஸ் ஸ்டாப்புல இருக்கு.”

மறுபடி அழைப்பு வந்தபோது அழுகை இன்னும் கூடியிருந்தது. பொன்மணி நிதானமாகப் பேசினாள். “நீங்க ரொம்ப நல்லாப் பேசுதீங்க தம்பி. எங்க வீட்டு ஆளு இம்புட்டு நல்லாப் பேச மாட்டாரு. வைங்க.”

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். உமாராணி, அம்மா எதையும் அனுப்பாதே, சைபர் போலீஸ் 1930க்குக் கூப்பிட்டு அந்த நம்பரைச் சொல், அப்பாவின் பேச்சை இனிமேல் என்னிடம் எடுக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொன்னபடி புகார் கொடுத்துவிட்டு, பொன்மணி சோறு வடித்தாள். வெயிலம்மாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கதையின் மிச்சத்தைத் தவறவிடக் கூடாது என்று உடனே திரும்பி வந்துவிட்டாள். வந்தது வீண்போகவில்லை. இரண்டு மணிக்கு வேறொரு தெரியாத நம்பர்.

“ஏட்டி, நாந்தான். அம்புட்டும் போச்சு.”

“யாரு?”

“யாருன்னு கேக்க? நாந்தாம்ட்டி வேல்ராஜு.”

வெயிலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “காலையில ஒரு புருஷன், மத்தியானம் ஒரு புருஷன். ஒனக்கு வந்த வாழ்வப் பாரேன்.”

“ரகசியச் சொல்லு?” என்றாள் பொன்மணி.

“கரிசல் சிங்கம். இல்ல, அதை மாத்திட்டம்லா. பருத்திப்பால். அதுக்கப்புறமும் ஒண்ணு மாத்துனோமே, என்னது அது?”

“எங்கிட்டக் கேக்கீங்க. நம்ம கல்யாணம் எப்ப?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க.”

“ஆவணில. மழை பெஞ்சுச்சுல்லா. ரெண்டாயிரத்துலயோ என்னமோ.”

“மக எத்தனாவது வருஷம் படிக்கா?”

“முடிச்சிட்டாள்லா? இல்ல, இன்னும் ஒரு வருஷம் கெடக்கா?”

பொன்மணி அப்படியே சுவரில் சாய்ந்தாள். சந்தேகமே இல்லை. உலகத்தில் இப்படிப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

“என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்றாள்.

நடந்தது இதுதான். கட்சில் இருக்கிற பூஜ் ஊருக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தியிருக்கிறான். ஒருத்தன் வந்து வண்டிக்கு அடியில் கையைக் காட்டி ‘ஆயில், ஆயில்’ என்றிருக்கிறான்.

“நீங்க குனிஞ்சீங்க.”

“அந்தக் கடையில ரொட்டி நல்லா இருந்துச்சுட்டி” என்றான் வேல்ராஜ்.

“சிவனாண்டி அண்ணாச்சியப் பத்துத் தடவ ஓட விட்டுட்டு, நீங்க குனிஞ்சீங்க.”

“பாஷை தெரியலட்டி. ஆயில்னா பாக்கணும்லா. பழைய வண்டில்லா.”

டேங்க் மேல் மாட்டியிருந்த பை போய்விட்டது. போன், காசு, கார்டு எல்லாம் அதில்.

“காசு அஞ்சு பாக்கெட்லல்லா இருந்துச்சு?”

“ஒவ்வொரு பங்குலயும் பாத்ரூம் தேட முடியலட்டி. மூணாம் நாளே எடுத்து அந்தப் பையில வச்சிட்டேன். இவிய நம்ம சங்ககிரிக்காரவிய, லாரி கொண்டுட்டு வந்திருக்காவ. இவிய போனுதான். இந்த நம்பருக்கு ஒரு ரெண்டாயிரம் அனுப்பி வைட்டி. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆவும்.”

இரண்டாயிரம் அனுப்பினால் மிஷினுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனாலும் இனி அந்த இருபதாயிரத்தில் ஒரு ரூபாயைத் தொடுவதாக இல்லை என்று பொன்மணி முடிவு கட்டியிருந்தாள்.

“இப்பப் போட்டிருக்கது பட்டாபட்டியா?”

“என்னட்டி கேள்வி இது? பக்கத்துல ஆளு நிக்காவ.”

“பின்பக்கம், இடுப்புப் பட்டைக்குக் கீழ கைய விடுங்க.”

“எதுக்கு?”

“விடுங்கன்னா விடுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் துணி உரசுகிற சத்தம். அப்புறம் லாரிக்காரர் சிரிக்கிற சத்தம். “அக்கா, அண்ணன் லாரிக்குப் பின்னால போய் நின்னு என்னமோ கிழிக்கிறாரு” என்று அவரே சொன்னார்.

வேல்ராஜ் திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது. “ஆயிரம் ரூவா இருக்குட்டி.”

“வண்டிக்குப் பின்னால கட்டியிருக்க துணிப்பையில இன்னொரு டிராயர் இருக்குல்லா, அதுலயும் ஆயிரம்.”

“இதுக்குத்தானா ஆறு நாளா உறுத்துச்சு? நான் நீ மடிச்சுத் தச்சது சரியில்லன்னு ஒன்னைத் திட்டிக்கிட்டே வந்தேன்.”

“நல்லாத் திட்டுனீங்க.”

“நான் திரும்பி வந்திரட்டுமா?”

“உப்பைப் பாத்துட்டு வாங்க. அம்புட்டுத் தூரம் போயும் பாக்காம வந்தீங்கன்னா, அதை இன்னும் இருவது வருஷத்துக்குப் பேசிக்கிட்டு இருப்பீங்க. என்னால முடியாது. மொதல்ல களவு போன ஒங்க போன் நம்பரைக் கட் பண்ணச் சொல்லணும், கார்டை நிறுத்தணும். அதை நான் பாக்குதேன்.”

ஊர் திரும்புகிறதற்கு வேண்டிய பெட்ரோல் காசை அந்த லாரிக்காரர் நம்பருக்குச் சுடலைக்கண்ணு அனுப்பினான். விரும்பி அனுப்பவில்லை. பொன்மணி அவன் கடை வாசலில் போய் நின்றாள், அனுப்பினான். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் ஏணி வைத்துப் பிளெக்ஸைக் கழற்றி, சுருட்டி, அக்காள் கையில் கொடுத்தான். எரநூத்துப் பதினாலு லைக்கையும் அவள் கண் முன்னாலேயே அழித்தான். அதற்குத்தான் அவனுக்கு ரொம்ப வருத்தம்.

சனிக்கிழமை காலையில் தங்கச்சாமியிடம் பணத்தைக் கொடுத்து, ஓவர்லாக் மிஷினைத் துணி வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள் பொன்மணி. இறக்கும்போது வெயிலம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தாள். வயிற்றெரிச்சலை மறைக்கத் தெரியாத முகம் அது.

“மிஷின் பழசால்லா தெரியுது.”

“பழசுதான் மதினி. நல்லா ஓடும்.”

ஜன்னல் வழியாகக் கரிசல் தூசி வந்து மிஷினில் படியும். மூட ஏதாவது வேண்டும். பொன்மணி சுருட்டி வைத்திருந்த பிளெக்ஸை விரித்து, கத்தரியை எடுத்து, ‘பயண விவரங்களுக்கு’ என்பதிலிருந்து கீழே இருந்ததை முதலில் வெட்டி எறிந்தாள். புலியும் போயிற்று. நல்லதாக நான்கு மூலையும் மடக்கி உறை தைத்துக்கொண்டிருக்கும்போது வேல்ராஜ் கூப்பிட்டான். ஏதோ ஒரு ஊரில் பழைய போன் ஒன்று வாங்கியிருந்தான்.

“உப்பைப் பாத்துட்டேன்ட்டி.”

“எப்படி இருந்துச்சு?”

“வெள்ளையா இருந்துச்சு.” கொஞ்சம் யோசித்தான். “தூத்துக்குடியில இருக்கது மாதிரித்தான். கொஞ்சம் பெருசு.”

பொன்மணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, இது புது நம்பரு. நாந்தானான்னு ஒனக்குச் சந்தேகம் வரும்லா. நம்ம கல்யாணம் எப்பன்னு சொல்லிரு. எழுதி வச்சிக்கிடுதேன். இனிமே நீ கேட்டா டக்குன்னு சொல்லிருவேன்.”

“ஒண்ணும் எழுத வேண்டாம்” என்றாள் பொன்மணி. “நீங்க எப்பவும் போல தப்பாவே சொல்லுங்க. அப்பத்தான் எனக்கு அடையாளம் தெரியும்.”

போனை வைத்துவிட்டு உறையை மிஷின் மேல் போட்டாள். கறுப்புக் கண்ணாடியும் பனிமலையும் வெளிப்பக்கமாக வந்திருந்தன. கழற்றி, வேல்ராஜின் முகம் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த நைட்டியை எடுத்தாள்.